கட்டி எங்கே இருக்கிறது?

2023 ஜூன் மாதம். காலை இறைவணக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து முடிவதற்குள் மயங்கி விழுந்தேன். அதற்கு முன் ஒன்றரை வருடமாகவே மாதவிலக்கு ஒன்பது நாள், பத்து நாள் என்று நீண்டுகொண்டிருந்தது. இரண்டு நாப்கினை ஒன்றாக வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போவேன். முக்கால் மணி நேரப் பாடம் முடிவதற்குள் நனைந்துவிடும். அடர்நிறப் புடவையாகப் பார்த்துக் கட்டுவேன், நாற்காலியில் உட்காரவே மாட்டேன். நாற்பதைத் தாண்டினால் இப்படித்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

அன்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 6.4. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். 8க்குக் கீழே போனாலே கடுமையான ரத்தசோகைதான்.

முதலில் போன மருத்துவமனையில் வயிற்றின் மேலே வைத்து ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் 3 செ.மீ. ஃபைப்ராய்டு, அதாவது நார்க்கட்டி. "ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இனிமே கர்ப்பப்பை எதுக்கும்மா? எடுத்துட்டா நிம்மதி. கேன்சர் பயமும் இல்ல" என்றார் மருத்துவர். இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றி, அடுத்த வாரமே ஆபரேஷன் என்று தேதியும் கொடுத்துவிட்டார். வேறு வழி உண்டா என்ற பேச்சே எழவில்லை. வீட்டுக்காரர் லீவு சொல்லிவிட்டார். அத்தை, எனக்குப் பத்திய சமையல் செய்ய யாரைக் கூப்பிடலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

அம்மாதான் தடுத்தார். "அவசரப்படாத பாப்பா. இன்னொரு இடத்துல காட்டிட்டு முடிவு பண்ணு."

அம்மாவுக்கு 1997இல், 38 வயதில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். கூடவே இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அதன்பின் நடுராத்திரியில் உடம்பெல்லாம் எரிகிறது என்று எழுந்து வாசல்படியில் போய் உட்காருவார். ஐம்பத்திரண்டு வயதில் குளியலறையில் லேசாக வழுக்கியதற்கே மணிக்கட்டு முறிந்தது. சினைப்பைகளைச் சீக்கிரம் எடுத்தால் எலும்பு வலுவிழக்கும் என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மதுரையில் இன்னொரு மருத்துவரிடம் போனோம். அவர் ஸ்கேன் தாளைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைக் கேட்டார். எத்தனை நாள்? ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின்? ரத்தம் கட்டிகட்டியாகப் போகிறதா, பழைய ஒரு ரூபாய்க் காசை விடப் பெரிதா? ராத்திரி நாப்கின் மாற்ற எழுந்திருக்க வேண்டியிருக்கிறதா? அப்புறம் குரலைத் தணித்து, "ஐஸ், அரிசி, சாம்பல், இப்படி ஏதாவது தின்னணும்னு தோணுதாம்மா?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் கைப்பையில் மகளின் பழைய ஜியோமெட்ரி பாக்ஸ் ஒன்று இருந்தது. அது நிறையப் பச்சரிசி. எட்டு மாதமாக யாருக்கும் தெரியாமல் தின்றுகொண்டிருந்தேன். கெட்ட பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். இரும்புச்சத்து குறைந்தால் இப்படித் தோன்றும், சத்து ஏறினால் தானாக நின்றுவிடும் என்றார்.

"கட்டி 3 சென்டிமீட்டர்னு எழுதியிருக்காங்க. எங்க இருக்குன்னு எழுதலையே" என்று சொல்லி, ஒரு தாளில் கர்ப்பப்பையை வரைந்து காட்டினார். வெளிச்சுவரில் இருக்கும் கட்டி பெரிதாக வளர்ந்தாலும் உதிரப்போக்கைக் கூட்டாமல் இருக்கலாம். தசைக்குள் இருப்பது ஒரு வகை. உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருப்பது சின்னதாக இருந்தாலும் ரத்தத்தை வாரி இறைக்கும். எதை எப்படி எடுப்பது என்பதும் அந்த இடத்தைப் பொறுத்துத்தான். எங்கள் பள்ளியிலேயே ஒரு டீச்சருக்கு 7 செ.மீ. கட்டி இருக்கிறது. வெளிப்பக்கம் இருப்பதால் மாதவிலக்கில் ஒரு தொந்தரவும் இல்லை.

அடுத்த மாதவிலக்கு நின்ற கையோடு வரச்சொன்னார். முதலில் பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள் ஸ்கேன். பிறகு மெல்லிய குழாய் வழியாகக் கர்ப்பப்பைக்குள் கொஞ்சம் உப்புநீர் விட்டு மறுபடி ஸ்கேன். ஒட்டிக் கிடந்த அறை விரிந்ததும், பின்சுவரிலிருந்து கட்டி கோலிக்குண்டு மாதிரி உள்ளே எட்டிப் பார்ப்பது எனக்கே தெரிந்தது. பாதிக்கு மேல் அறைக்குள்ளும் மிச்சம் தசைக்குள்ளும் இருந்தது. டைப் 1 என்று எழுதினார். அதே நாளில் உள்சவ்வில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். சுளீரென்று ஒரு வலி, அரை நிமிடம்தான். அந்த முடிவு வரும்வரை காத்திருந்த ஒரு வாரம்தான் கொடுமை. புற்றுநோய் இல்லை என்று வந்தது. தைராய்டும் சரியாக இருந்தது.

கட்டியை மட்டும் எடுக்கலாம், வயிற்றைக் கிழிக்க வேண்டாம் என்றார். ஆனால் முதலில் ரத்தம் ஊற வேண்டும். இரும்புச்சத்து 1000 மி.கி. டிரிப்பாக ஏறியது. மாதவிலக்கு நாட்களுக்கு, உதிரப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை. ஆறு வாரத்தில் ஹீமோகுளோபின் 10.8.

செப்டம்பரில் ஹிஸ்டரோஸ்கோப்பி, அதாவது பிறப்புறுப்பு வழியாகவே கேமரா வைத்த மெல்லிய குழாயைக் கர்ப்பப்பைக்குள் விட்டுச் செய்யும் சிகிச்சை. முதுகில் ஊசி போட்டதால் இடுப்புக்குக் கீழே மட்டும்தான் மரத்திருந்தது. "பார்க்கிறீங்களா?" என்று திரையை என் பக்கம் திருப்பினார்கள். இளஞ்சிவப்பான ஒரு குகை, அதில் வெளுத்த ஒரு உருண்டை. மின்சாரம் பாயும் கம்பி வளையம் ஒன்று அதைச் சீவச்சீவ, துருவிய தேங்காய்ப்பூ மாதிரி சுருள்சுருளாக விழுந்தது. ஒரு சிஸ்டர் உள்ளே போகும் உப்புநீரையும் வெளியே வரும் நீரையும் சத்தமாகக் கணக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். நீர் அளவுக்கு மேல் உடம்பில் தங்கிவிட்டால் ஆபத்து, இரண்டரை லிட்டர் வித்தியாசம் வந்தால் பாதியிலேயே நிறுத்திவிடுவார்களாம். எனக்கு 400 மில்லிதான். நாற்பது நிமிடத்தில் முடிந்தது. மறுநாள் வீடு. உடம்பில் ஒரு தையல் இல்லை.

கர்ப்பப்பையை எடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. புற்றுநோய் வந்தவர்களுக்கும், மற்ற எதுவும் பலிக்காதவர்களுக்கும் அதுதான் சரி. எனக்கும் கட்டி மறுபடி வரலாம், வருடாவருடம் ஸ்கேன் பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஆனால் வேறு வழிகளைச் சொல்லாமலேயே தேதி குறிப்பது எப்படி நியாயம்? தேவையில்லாமல் கர்ப்பப்பை அகற்றப்பட்ட பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் பெண்களுக்காக மருத்துவர் நரேந்திர குப்தா 2013இல் பொதுநல வழக்குத் தொடுத்தார். அதில் 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பதைத் தடுக்க மத்திய அரசு வகுத்த வழிகாட்டுதல்களை மூன்று மாதத்துக்குள் மாநிலங்கள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்றது. நான் மயங்கி விழுந்தது அந்த மூன்று மாதத்துக்குள்தான்.

இப்போது மாதவிலக்கு நாலு நாளில் நின்றுவிடுகிறது. அரிசி ஆசை எப்போது போனது என்றே தெரியவில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மா பீரோவிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தார். உள்ளே 1997ஆம் வருட டிஸ்சார்ஜ் சீட்டு. "எனக்குக் கட்டி எங்க இருந்துச்சுன்னு போட்டிருக்கா பாரு" என்றார். மூன்றே வரி. கர்ப்பப்பையும் இரண்டு சினைப்பைகளும் அகற்றப்பட்டன, தையல் பிரிக்க எட்டாம் நாள் வரவும். "போடலம்மா" என்றேன். அம்மா சீட்டை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.