கேஸ் மாத்திரையும் கை நடுக்கமும்

நரம்பியல் ஓபியை ஒட்டிய மருந்தகத்தில் எனக்கு வேலை. கை நடுக்கத்தோடு வருபவர்களின் வீட்டார் "பார்க்கின்சன்தானே சார்?" என்று கேட்பார்கள். பலருக்கு அதுதான். ஆனாலும் சீட்டை வாங்கியதும், ஏற்கெனவே போடும் மாத்திரைகளை எடுத்துவைக்கச் சொல்வேன்.

ஒரு பாட்டியம்மாவை மகன் கூட்டி வந்திருந்தார். மடியில் வைத்த வலது கை லேசாக நடுங்கியது. அதைவிட வாய்தான் கண்ணில் பட்டது. தாடை ஓயாமல் மென்றது, நடுநடுவே நாக்கு வெளியே எட்டிப் பார்த்துத் திரும்பியது. "வெத்தலை போடுறதை எப்பவோ விட்டுட்டாங்க சார், ஆனா மென்னுக்கிட்டே இருக்காங்க" என்றார் மகன். பையில் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, அப்புறம் ஒரு கேஸ் மாத்திரை. அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தில் ராபெப்ரசோல், கூடவே லீவோசல்பிரைடு. என்றைக்கோ செரிமானத்துக்கு எழுதிக் கொடுத்தது. காலி அட்டையைக் கடையில் காட்டிக் காட்டி வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

"கேஸ் மாத்திரை என்ன சார் பண்ணும்?"

ராபெப்ரசோல் அமிலத்தைக் குறைப்பதோடு சரி. லீவோசல்பிரைடு டோபமைன் ஏற்பிகளை அடைக்கிறது. டோபமைன் என்பது உடல் அசைவுக்கு மூளை பயன்படுத்தும் வேதிப்பொருள், அது செல்லில் வந்து ஒட்டும் இடம்தான் ஏற்பி. வயிற்றில் அடைத்தால் சாப்பாடு சீக்கிரம் இறங்கும். அதே மருந்து மூளையிலும் அடைத்தால் நடுக்கம், உடல் விறைப்பு, இப்படி வாய் மெல்லுவது எல்லாம் வரலாம். பார்க்கின்சனில் டோபமைன் சுரப்பதே குறைகிறது. இங்கே சுரந்தும் பயன்படவில்லை. வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு, தலைசுற்றலுக்கான சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃப்ளூனரிசின் ஆகியவற்றாலும் இது வரும். மெட்டோகுளோப்ரமைடை 12 வாரத்துக்கு மேல் தரக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009லேயே மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரித்தது.

மனநல மருந்துகள் பலவும் இதே ஏற்பிகளைத்தான் அடைக்கும். அவற்றைத் தானாக நிறுத்தினால் பழைய நோய் திரும்பிவிடலாம், அதனால் டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தச் சொல்ல மாட்டேன். அன்றும் அட்டையோடு மகனை டாக்டரிடமே திருப்பி அனுப்பினேன். அவர் மாத்திரையை மாற்றினார். சில மாதங்களில் கை நடுக்கம் அடங்கியது. வாய் மெல்லுவது குறைந்தது, ஆனால் முழுதாகப் போகவில்லை. சிலருக்கு மருந்தை நிறுத்திய பிறகும் அது தங்கிவிடும்.

எனக்கு ஆறாத வருத்தம் அதுதான். கடையில் யாராவது ஒருவர், "எத்தனை நாளா போடுறீங்கம்மா?" என்று கேட்டிருக்கலாம். இப்போது நோயாளிகளின் நோட்டின் முதல் பக்கத்தில், தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதித் தருகிறேன். எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்கிறேன்.