அதிகமா, குறைவா?

"அதிகமா, குறைவா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார் டாக்டர். "சொல்ல முடியாது டாக்டர்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "சரி" என்று போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன், அந்தச் "சரி"தான் உறுத்துகிறது.

கேட்டது சிறுநீரகப் புற்றுநோய் உள்ள ஒருவரின் மானோசைட்டுகளை, அதாவது ஒருவகை ரத்த வெள்ளையணுக்களைப் பற்றி. ரத்தக்குழாய்களை வளரவைக்கும் விஇஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி வந்து ஒட்டும் ஏற்பி அவற்றின் மேல் எவ்வளவு இருக்கிறது என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடியை ஒட்டவைத்து, செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில். அர்த்தமில்லாத கேள்வி என்று சொல்லவே மாட்டேன். இந்தப் புற்றுநோயில் பெரும்பாலும் விஎச்எல் மரபணு செயலிழந்திருக்கும். ஆக்ஸிஜன் இருந்தும் மூச்சு முட்டுகிற செல்போல நடந்துகொண்டு, கட்டி விஇஜிஎஃப்பை வாரி இறைக்கும். அது ரத்தக்குழாய்களோடு நிற்பதில்லை. நோய் எதிர்ப்பைத் தூண்டிவிடும் டெண்ட்ரிட்டிக் செல்களை முதிரவிடாமல் தடுக்கும் என்பது 1996-லேயே தெரிந்த விஷயம். இந்த ஏற்பிகளை அடைக்கும் சுனிடினிப் 2006-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2019-ல் அதே வகை மருந்தான ஆக்ஸிடினிப்பை, நோய் எதிர்ப்பைத் தட்டியெழுப்பும் பெம்ப்ரோலிசுமாப்போடு சேர்த்தே கொடுக்கத் தொடங்கினார்கள். யாருக்கு எது என்று தவிக்கிற டாக்டர் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்.

ஆனால் திரையில் தெரிவது "இருக்கிறது", "இல்லை" என்று பிரிந்து நிற்கும் இரண்டு மேடுகள் அல்ல. ஒரே மேடு, அதன் வலது தோள் கொஞ்சம் சரிந்திருக்கும். அந்தச் சாயம் மட்டும் சேர்க்காத கன்ட்ரோல் குழாயை வைத்து, எங்கிருந்து "இருக்கிறது" என்று எண்ணுவது என்று கோடு போடுகிறோம். கோடு நூலளவு நகர்ந்தால் சதவீதம் எங்கோ போய்விடும். போதாததற்கு மானோசைட்டுகள் எந்த ஆன்டிபாடியையும் வாலைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். தாமாகவே கொஞ்சம் ஒளிரும். விஇஜிஎஃப்பைச் சுமந்த தட்டணுக்கள் வேறு ஒட்டிக்கொண்டு வரும். ரத்தம் மேசையில் காத்திருந்த நேரமும் கணக்கில் சேரும். இதை நம்பியா ஒருவருக்கு மருந்து? ஒப்புதல் படிவத்திலும் இந்த முடிவுகள் சிகிச்சைக்குப் பயன்படாது என்றுதான் இருக்கிறது. நான் சொன்னது சரிதான்.

அப்புறம் யோசித்தால், அதே எண்ணை எங்கள் கூட்டத்தில் வரைபடப் புள்ளியாகக் காட்டி, "நோயாளிகளிடம் உயர்ந்திருக்கிறது" என்று கொஞ்சமும் தயங்காமல் பேசியவனும் நான்தான். தனியாக நின்றால் நம்பக்கூடாத புள்ளி, மற்ற புள்ளிகளோடு சேர்ந்து நின்றால் நம்பத் தகுந்ததாகிவிடுமா? ஆகும், சிதறல் தற்செயலானதென்றால். நோயாளிகளின் ரத்தம் மட்டும் கிளினிக்கில் காத்திருந்து தாமதமாக வந்தால் பிசகு ஒரே பக்கம் சாயும். எத்தனை பேரைச் சேர்த்தாலும் சராசரி அதைக் கழுவிவிடாது. டாக்டரிடம் அத்தனை கறாராக இருந்தவன் என்னிடம் ஏன் இல்லை?

எண்ணைச் சொல்லி, கூடவே அதன் குறைகளையும் சொல்லியிருக்கலாம். ஆனால் எச்சரிக்கை வழியிலேயே உதிர்ந்துவிடும், எண் மட்டும் போய்ச் சேரும். பலமுறை பார்த்திருக்கிறேன். அல்லது இது நானே எனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானமா? ஒருவேளை அவருக்கு மருந்து பற்றிய யோசனையே இல்லாமல், ரத்தம் கொடுத்தவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமே என்றுகூடக் கேட்டிருக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

இப்போது கட்டுரை வரைவில் "உயர்ந்து காணப்பட்டது" என்ற வாக்கியத்துக்கு அடியில், கோட்டை இரு பக்கமும் நகர்த்தினால் என்ன ஆகிறது என்ற படத்தையும் சேர்க்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதழின் மதிப்பீட்டாளர்கள் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் ஆய்வுக்குழுத் தலைவர்.