பால்மரம் மொட்டையானால் மல்லிகையை வெட்டு

மலேசியாவில், கெடாவின் பீடோங்கில் எங்கள் வீட்டுக்கு எதிரே சாலையைத் தாண்டினால் கொஞ்சம் பால்மரம், அதாவது ரப்பர் மரம், இன்னும் மிச்சமிருக்கிறது. மற்றதெல்லாம் செம்பனையும் வீடுகளுமாகிவிட்டது. தைப்பூசத்தை ஒட்டி அந்த மரங்களில் இலை சிவந்து பழுத்து உதிரத் தொடங்கும். பிப்ரவரி கடைசியில் வெறும் கிளைகளுக்கு ஊடே ஜெராய் மலை முழுசாகத் தெரியும். பார்க்க அழகுதான். ஆனால் பால்வெட்டுக்குப் போன என் அம்மாவுக்கு அது கையில் காசு குறைகிற காலம். மரத்தில் பால் இறங்காது.

அந்த நாட்களில்தான் அம்மா லயத்து வாசலில் இருந்த மல்லிகையை முழங்கால் உயரத்துக்கு வெட்டுவார். "மரமே மொட்டையா நிக்குது, உனக்கென்ன?" என்று செடியிடமே கேட்பார். மிச்ச இலையையும் உருவிவிட்டு ஒரு வாரம் தண்ணீர் காட்டமாட்டார். அப்புறம் வேரைச் சுற்றிக் கிளறி, ஆட்டுப் புழுக்கை போட்டு, நன்றாகத் தண்ணீர் விடுவார். புதுத் துளிரின் நுனியில்தான் மல்லிகை மொட்டு வரும். பழைய குச்சியை வைத்துக்கொண்டு பூவை எதிர்பார்க்கக் கூடாது. நானும் இன்றுவரை காலண்டரைப் பார்ப்பதில்லை, எதிர்த்த மரத்தைத்தான் பார்க்கிறேன்.

போன வாரம் இங்கிலாந்தில், லீட்ஸில் இருக்கும் மகள் படம் அனுப்பியிருந்தாள். குளிர் விடாத மண்ணில் வெள்ளையாய், தலை கவிழ்ந்த ஸ்னோட்ராப் பூக்கள். அங்கே இது ரோஜாவைக் கவாத்து செய்கிற நேரமாம். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே வெட்டு, உள்ளே பின்னிக்கொள்ளாது என்றேன். அது அவளுக்கே தெரிந்திருந்தது.

"பூ முடிஞ்சதும் அந்த ஸ்னோட்ராப் இலையையும் வெட்டிடவாம்மா? பார்க்க அசிங்கமா இருக்கும்."

நான் அந்தச் செடியைக் கண்ணால் கண்டதில்லை. அடியில் என்ன என்று கேட்டேன். வெங்காயம் மாதிரி கிழங்கு என்றாள். அப்படியானால் நம் மஞ்சள் கதைதான். இலை பச்சையாக இருக்கும்போதே அறுத்தால் கிழங்கு பருக்காது, அதுவாகக் காயட்டும், விடு என்றேன். பிறகு அவள் விசாரித்ததில் அங்கேயும் அதையேதான் சொன்னார்களாம். பெயர்த்துப் பிரித்து நடுவதென்றால் இலை பச்சையாக இருக்கும்போதே செய்துவிடுவார்களாம். இது எனக்குப் புதுசு.

இங்கே மாமரம் பூத்து நிற்கிறது. இப்போது மழை வந்தால் பூ கருகிக் கொட்டிவிடும். பால்மரத்துக்கும் அதே பயம்தான். தாமிர நிறத்தில் தளிர் விடும்போது ஈரம் சேர்ந்தால் இலையில் வெள்ளையாய்ப் பூஞ்சை படரும். அந்தக் காலத்தில் தோட்டத்தில் கந்தகத் தூள் அடிப்பார்கள். தளிர்க் காம்பில் தேன் சுரப்பதால் தேனீக்கள் வேறு மொய்க்கும்.

இந்த வெயிலை முழுசாக அனுபவிப்பது காகிதப்பூ ஒன்றுதான். எதிர்வீட்டுச் சீன அம்மா சொன்ன வழி: இலை துவளும்வரை தண்ணீர் விடாதே, பிறகு ஒரு முறை விடு, பூத்துத் தள்ளும். அவர் வீட்டில் அப்படியேதான் பூக்கிறது. எங்கள் தொட்டியில் பச்சை இலை மட்டும் தழைத்துக்கொண்டிருந்தது. காரணம் என் வீட்டுக்காரர். செடி வாடுவதைப் பார்க்க அவருக்கு மனசு வராது. இந்த வருடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

நேற்று மாலை பார்த்தால் ரப்பர் குழாய் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் கிடக்கிறது. மண் ஈரம். கேட்டால், "பனியா இருக்கும்" என்கிறார்.