அத்தையின் எம்.ஆர்.ஐ.

மூளை ஸ்கேன் படத்தில் ஒரு கருப்பு வட்டம். அதன் நடுவில் கடுகளவு வெள்ளைப் புள்ளி.

"இதுதாம்மா தலை. புழுவோட தலை" என்றார் டாக்டர்.

அத்தைக்கு முகமே செத்துவிட்டது. "நான் முட்டைகூடத் தொடமாட்டேனே சார்!"

வருஷக்கணக்காய்த் தலைவலி. கண்ணாடி மாற்றியாச்சு, சைனஸ் என்று ஆவி பிடிச்சாச்சு. வலிப்பு வந்து கை வெட்டி வெட்டி இழுத்த பிறகுதான் ஸ்கேன்.

பன்றி நாடாப்புழுவாம். சரியாக வேகாத பன்றிக்கறியைத் தின்றால் புழு குடலில்தான் வளரும். மூளைக்கு வருவது வேறு வழி. குடலில் புழு உள்ளவரின் மலத்தில் முட்டை வெளியேறும். அது கழுவாத கையிலோ பச்சைக் காயிலோ ஒட்டி இன்னொருவர் வாய்க்குள் போனால், பொரித்து, ரத்தத்தோடு ஏறி, மூளையில் நீர்க்கட்டியாய் உட்கார்ந்துவிடும். சுத்த சைவத்துக்கும் வரும்.

வருஷக்கணக்கில் சத்தமே காட்டாமல் இருக்குமாம். புழு சாகும்போதுதான் சுற்றிலும் வீங்கி வலியும் வலிப்பும்.

(தலைவலிக்காரர்கள் பயப்பட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு ஸ்கேனில் ஒன்றுமே இருக்காது. வலிப்பு, விடாத வாந்தி, பார்வை மங்கல் சேர்ந்தால் தள்ளிப்போடாதீர்கள்.)

"பூச்சி மாத்திரைதானே, மெடிக்கல்ல வாங்கிக்கலாம்" என்றார் மாமா. டாக்டர் முறைத்தார். புழு மொத்தமாய்ச் செத்தால் வீக்கம் கூடும். வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு இல்லாமல் அல்பெண்டசோல் என்ற அந்தப் பூச்சி மாத்திரை கிடையாது என்றார்.

கூடவே வீட்டில் எல்லோருக்கும் மலப் பரிசோதனை எழுதிவிட்டார். யார் குடலிலாவது புழு இருக்கலாமே.

மாமா இன்னும் பரிசோதனை டப்பாவைத் தொடவில்லை.