கோர்ட்டில் சம்பாதித்தது கல்லூரி ஆனது

சென்னை எத்திராஜ் சாலையில் தினமும் போகிறவர்களில் பலருக்கு அது ஒரு கல்லூரியின் பெயர், அவ்வளவுதான். அந்த மனிதரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

வேலூரில் பிறந்த வி. எல். எத்திராஜ், கிரிமினல் வழக்குகளில் கொடிகட்டிப் பறந்த பாரிஸ்டர். ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னையின் கிரவுன் பிராசிக்யூட்டர், அதாவது அரசுத் தரப்பு வழக்கறிஞர், ஆன முதல் இந்தியர். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு ஞாபகம் இருக்கிறதா? அந்தக் காலத்துத் திரை நட்சத்திரம் எம்.கே. தியாகராஜ பாகவதருக்கும் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு மறுபடி சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, அவர்களுக்காக வாதாடியவர் இவர்தான். அரசுத் தரப்பு பெரிதும் நம்பியிருந்தது ஒரு அப்ரூவரின், அதாவது குற்றத்தில் பங்கிருந்தும் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறியவரின், சாட்சியத்தை. அது நிற்கவில்லை. 1947-இல் இருவரும் விடுதலை.

அந்த வாதத் திறமையை எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அடுத்த வருடம் அவர் செய்தது. 1948-இல் தன் சொந்தப் பணத்தைப் போட்டுப் பெண்களுக்கென்று கல்லூரி தொடங்கினார். முதல் வருடம் 98 மாணவிகள். பெண்ணைப் பள்ளியோடு நிறுத்திவிடுவதே வழக்கமாக இருந்த காலம் அது!

என் சித்தி அங்கே படித்தவர். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் பெண். எத்திராஜ் பெயரை எடுத்தாலே சித்தி இன்றும் கையெடுத்துக் கும்பிடுவார்.