செப்டம்பர் 17-இல் சறுக்கிய கதை

தரவரிசைப் பட்டியல் வந்த அன்று வீட்டில் பாயசம். எனக்கோ போன முறை ஒரே ஒரு கேள்வியில் நழுவிப்போன வேலைதான் தொண்டையில் நின்றது. குரூப் 4-க்கு என்ன படிக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அந்த ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

போன முறை நான் நாள்காட்டிப் பைத்தியம். பழைய டைரி ஒன்றில் தேதிவாரியாக எழுதிவைத்து, காலையில் பல் துலக்கும்போதே ஒப்பிப்பேன். செப்டம்பர் 17-தான் எனக்குச் செல்லமான பக்கம். பெரியார், ஓவியர் எம்.எஃப்.ஹுசைன், நரேந்திர மோடி, கிரிக்கெட் வீரர் அஸ்வின் பிறந்த நாள். திரு.வி.க. மறைந்த நாள். அமெரிக்க அரசியலமைப்பில் கையெழுத்தான நாள். ஹைதராபாத் நிஜாம் பணிந்த நாள். தி.மு.க. தோன்றிய நாள். மூச்சுவிடாமல் சொல்வேன்.

தேர்வில் காலவரிசைக் கேள்வி வந்தது. ஹைதராபாத் முந்தியதா, தி.மு.க. முந்தியதா? இரண்டும் செப்டம்பர் 17 என்று மனம் துள்ளியது. ஆண்டு வரவில்லை. குத்துமதிப்பாகக் கறுப்பாக்கினேன், தவறு. தேதியைக் கேட்கவே இல்லை, பாருங்கள். தேதியை மட்டும் மனப்பாடம் செய்த என்னை என்ன சொல்ல!

இந்த முறை ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: இந்தத் தேதி தானாக அமைந்ததா, யாராவது தேர்ந்தெடுத்ததா?

1949 ஜூலையில் பெரியார்–மணியம்மை திருமணம். அதை ஏற்காமல் அண்ணாவும் மற்றவர்களும் திராவிடர் கழகத்திலிருந்து வெளியேறுகிறார்கள். வெளியேறியவர்கள் புதுக் கட்சியைத் தொடங்கியது பெரியாரின் பிறந்தநாளில். தலைவர் நாற்காலியையும் அவருக்கென்று காலியாக விட்டு, அண்ணா பொதுச்செயலாளர் ஆனார். இந்தப் பிணக்கும் பாசமும் புரிந்தபின் 1949 எப்படி மறக்கும்? ஹைதராபாத்தில் அப்படி யாரும் நாள் பார்க்கவில்லை. 13-ஆம் தேதி இந்தியப் படை நுழைந்தது, 17-இல் சண்டை முடிந்தது. அந்த ஆண்டுக்கு வேறு கொக்கி வேண்டும்: காந்தி ஜனவரியிலும் ஜின்னா செப்டம்பர் 11-லும் இறந்த 1948.

அமெரிக்காவின் 1787-ஐ ஒரு வரியில் வைத்துக்கொண்டேன். அஸ்வினை அடித்துவிட்டேன், மனசே இல்லாமல்.

அவசரக் குறிப்புகள்:

- பிறப்புக்கு நீலம், இறப்புக்குச் சிவப்பு. அக்டோபர் 2-இல் காந்தியும் (1869) சாஸ்திரியும் (1904) நீலம், காமராசர் (1975) சிவப்பு. ஒரே மையில் எழுதினால் பொருத்துகவில் மாட்டுவீர்கள்.
- அண்ணா செப்டம்பர் 15 (1909), பெரியார் 17 (1879). இதில் குழம்புகிறவர்கள் எத்தனை பேர் என்று மாதிரித் தேர்வு அறையில் பார்த்திருக்கிறேன்.
- செப்டம்பர் 5 ராதாகிருஷ்ணனுக்கு (1888) மட்டும் சொந்தமல்ல. வ.உ.சி.யும் (1872) அன்றுதான் பிறந்தார்.
- 1949 நவம்பர் 26-இல் ஏற்ற அரசியலமைப்பு முழுமையாக நடைமுறைக்கு வர ஜனவரி 26 வரை ஏன் காத்திருந்தார்கள்? 1930-இல் அன்றுதான் முழு விடுதலை நாள் கொண்டாடினார்கள். இதுவும் தேர்ந்தெடுத்த தேதி.
- ஊரையும் சேர்த்து எழுதுங்கள். பெரியாரும் கணிதமேதை ராமானுஜனும் (1887 டிசம்பர் 22) பிறந்தது ஈரோட்டில்.
- குழுவாகப் படிக்காதீர்கள். எனக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான் காரணம்.

கடைசிப் பத்து நாள் புதிதாக ஒரு தேதிகூடச் சேர்க்கவில்லை. டைரியை மூடிவைத்துவிட்டு, வெள்ளைத்தாளில் 1947 முதல் 1956 வரை ஆண்டுகளை மட்டும் எழுதி, நிகழ்வுகளை நினைவிலிருந்து நிரப்பினேன். முதல் நாள் பாதித் தாள் காலி. நான்காம் நாள் 1953-இல் திரு.வி.க. மறைவும் ஆந்திர மாநிலம் உருவானதும் தானாக அடுத்தடுத்து வந்து விழுந்தன.

டைரியைச் சித்தப்பா மகன் கேட்கிறான். கொடுக்கப்போவதில்லை. வெள்ளைத்தாள் கட்டு ஒன்று வாங்கிவைத்திருக்கிறேன், அதைத்தான் கொடுப்பேன்.