திரையில் என்ன எழுதியிருந்தது?

மதியம் 3 மணிக்கு மேல் கவுண்டரில் கூட்டம் குறைந்துவிடும். அந்த நேரத்தில்தான் அந்தத் தையல்கார அக்கா வந்தார். பட்டுக்கோட்டையில் எங்கள் வங்கிக் கிளையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைப்பவர். எப்போதும் பாஸ்புக்கோடு வருகிறவர், அன்றைக்கு போனை மட்டும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மேடம், அட்வான்ஸ் வரும்னு சொன்னாங்க. என் பணம் போயிடுச்சு."

கேட்கக் கேட்கத்தான் விவரம் வந்தது. பள்ளிச் சீருடை 40 செட் வேண்டும் என்று ஒருவன் போனில் பேசியிருக்கிறான். துணி, அளவு, கொடுக்க வேண்டிய தேதி என்று எல்லாவற்றையும் பொறுப்பாக விசாரித்திருக்கிறான். முன்பணம் அனுப்புகிறேன் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கியூஆர் கோடு வந்திருக்கிறது. அதை ஸ்கேன் செய்து, ரகசிய எண்ணான பின் நம்பரைப் போட்டால் உங்கள் கணக்கில் பணம் ஏறிவிடும் என்றிருக்கிறான். அக்கா போட்டார். 9,000 ரூபாய் போய்விட்டது. நடந்தது முந்தின நாள் சாயங்காலம். வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயத்தில் ராத்திரி முழுக்க யாரிடமும் சொல்லவில்லை.

"பின் நம்பர் போடுற எடத்துக்கு மேல என்னக்கா எழுதியிருந்துச்சு?"

"என்னமோ இங்கிலீஷ்ல இருந்துச்சு மேடம். அதெல்லாம் நான் பாக்குறதில்ல. நம்பர் போடச் சொன்னா போடுவேன்."

அவருக்குப் பணம் அனுப்பும் அந்த ஆப்பைப் போனில் ஏற்றிக் கொடுத்தது நான்தான். யாருக்கு, எவ்வளவு போகிறது என்பது பின் நம்பர் கட்டத்துக்கு மேலேயே தெரியும். பணம் வாங்குவதற்கு பின் நம்பரே தேவையில்லை, அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும்தான் தேவை. இதை அன்றைக்கு அவரிடம் சொன்னேனா என்று யோசித்தேன். சொல்லியிருப்பேன், வேகமாக. கையெழுத்து போடத் தெரிந்தவரிடம், படிக்க முடியாத தாளை நீட்டி "இங்க போடுங்க" என்று சொன்னது போலத்தான் அது.

கவுண்டரில் இருந்தபடியே, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்தோம். பணம் போன நேரம், தொகை, 12 இலக்கப் பரிவர்த்தனை எண் எல்லாம் கேட்டார்கள். அந்த எண் எங்கே இருக்கும் என்பதே அக்காவுக்குத் தெரியாது. ஆப்பில் பழைய பரிவர்த்தனைகளைத் திறந்து காட்டி, ஒவ்வோர் இலக்கமாக அவரையே படிக்க வைத்தேன். போன பணம் எதிர்க் கணக்கில் இன்னும் கிடந்தால் முடக்கி வைப்பார்கள், கைமாறிவிட்டால் கஷ்டம். ஒரு ராத்திரி கடந்திருந்ததால் கொஞ்சம்தான் சிக்கியது.

வாடிக்கையாளரும் வங்கியும் தப்பு செய்யாமல் வெளியாள் எடுத்த பணத்துக்கு, தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நஷ்டம் வாடிக்கையாளர் தலையில் விழாது என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்தது. தானே பின் நம்பர் போட்டவருக்கு அந்த விதியில் பாதுகாப்பு இல்லை. வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனதெல்லாம் அதன்படி அவர் நஷ்டம்தான். அதனால்தான் யார் வந்தாலும் முதலில் வெட்கத்தை விடச் சொல்கிறேன். திட்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம், முதலில் போன் போடுங்கள்.

அந்த வாரத்திலிருந்து ஒரு வேலை செய்கிறேன். யார் ஆப் ஏற்றித் தரச் சொன்னாலும் முதலில் மொழியைத் தமிழுக்கு மாற்றுகிறேன். நன்றாக ஓடும் பெரிய ஆப்களில் அந்த வசதி உண்டு. பிறகு என் கணக்குக்கு 1 ரூபாய் அனுப்பச் சொல்வேன். பின் நம்பர் போடுவதற்கு முன் திரையில் இருக்கும் பெயரையும் தொகையையும் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசித்தால்தான் அடுத்தது. ஒருவருக்கு பத்து நிமிடம் ஆகிறது, பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். ஆகட்டும்.

கஜா புயலுக்குப் பிறகு தென்னை போனவர்கள் நிவாரணம் ஏறிவிட்டதா என்று பார்க்க பாஸ்புக்கோடு வரிசையில் நின்றது என் கண்ணிலேயே இருக்கிறது. இப்போது அதே ஆட்கள் டீக்கடையில் உட்கார்ந்தபடி இருப்பைப் பார்த்துக்கொள்கிறார்கள். இதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒன்று சொல்வேன். தேங்காய் விற்ற மொத்தப் பணத்தையும் சுருக்குப்பையில் முடிந்துகொண்டு யாரும் சந்தைக்குப் போவதில்லை. அதே மாதிரி, செலவுக்கு என்று சின்னதாக இன்னொரு கணக்கு வைத்து அதை மட்டும் ஆப்பில் இணையுங்கள். சேமிப்பு வேறு கணக்கில் கிடக்கட்டும். பேரன் கையில் போன் இருக்கும் தாத்தாக்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பின் நம்பரை யாரிடமும் சொல்லாதீர்கள் என்றால் தலையாட்டிவிட்டு வெளியே போய் பேரனிடம் சொல்லத்தான் செய்வார்கள், அவர்களுக்குக் கண் தெரிய வேண்டுமே.

போன் நம்பர் விஷயமும் அப்படித்தான். ஆஃபருக்காக சிம் மாற்றிவிட்டு, வங்கியில் பழைய நம்பரையே விட்டுவைப்பவர்கள் நிறைய. பயன்படுத்தாமல் விட்ட நம்பர் கொஞ்ச நாளில் வேறொருவருக்குப் போய்விடும், உங்கள் ஓடிபியும் அங்கேதான் போகும். அப்புறம், கேஒய்சி, அதாவது உங்கள் விவரச் சரிபார்ப்பு, முடிக்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலை, அதாவது ஆப்பை ஏற்றும் ஃபைலை, தொடவே வேண்டாம். அதை ஏற்றினால் உங்களுக்கு வரும் எஸ்எம்எஸ் எல்லாம் அவன் கைக்குப் போகும்.

எஸ்எம்எஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. எங்கள் வங்கியிலிருந்து போகும் செய்தி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. டெபிட்டட், கிரெடிட்டட் இரண்டும் அவசரத்தில் ஒன்று போலவே தெரிகின்றன. பணம் போன செய்தியைக் காட்டி, "வந்துருச்சு பாரும்மா" என்று சந்தோஷப்பட்ட பெரியவரைப் பார்த்திருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே போய்விட்டது என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அதற்குப் பிறகு பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தில் பேனாவால் அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களையும் பெரிதாக எழுதி, பக்கத்தில் 'போனது', 'வந்தது' என்று தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். வந்தது என்று எஸ்எம்எஸ் சொன்னாலும், பொருளைக் கொடுக்கும் முன் ஆப்பில் இருப்பைப் பார்க்கச் சொல்கிறேன், ஏனென்றால் பொய் எஸ்எம்எஸ் யாரும் அனுப்பலாம்.

போன மாதம் தையல்கார அக்கா வந்தார். கூடவே பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர். மூன்று பாஸ்புக்கையும் கடைசிப் பக்கத்தைத் திருப்பி கவுண்டரில் வைத்தார். அவருடையதில் நான் எழுதியது கொஞ்சம் மங்கியிருந்தது.

"இவங்களுக்கும் எழுதிக் குடுங்க மேடம். என்னோடதுல இன்னொரு தடவ மேல எழுதுங்க."